மஞ்சள்கோட்டைக்கு ஆள் தேடி ஸ்பிரிங்வெளிக்குப் போன கதை

1980 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை 5.55க்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் பதுளை ரயிலில் ஏறினேன். தேயிலை பார்க்கவோ நீர்வீழ்ச்சியில் குளிக்கவோ அல்ல. உலகத்தில் இல்லாத ஓர் ஊருக்கு ஆட்கள் தேடிப் போனேன். இதற்கு மேல் விளக்காமல் விட்டால் எனக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள்; ஆகவே விளக்கிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கட்டடம் கட்டும் ஒரு கம்பனியில் படவரைஞர் வேலை. நண்பன் ஒருவனின் அண்ணன் லண்டனிலிருந்து ஒரு பொதி அனுப்பியிருந்தார். அதற்குள் ஒரு விதிப் புத்தகமும் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளும் இருந்தன. பலகை இல்லாத விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் பூதத்தை வெட்டுகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைக் கட்டை தீர்மானிக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஐந்து பேர் கூடி விளையாடினோம். கதை சொல்பவன் நான். மஞ்சள்கோட்டை என்று ஓர் ஊரை நானே கட்டங்கட்டமாக வரைந்து, வீட்டுக்கு வீடு இலக்கம் போட்டு வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

அந்தத் தலைக்கனத்தைத் தட்டிவிட்டவன் நியாஸ். எங்கள் ஆட்டத்தில் அவன்தான் திருடன். ஒருநாள் பாதி விளையாட்டில் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். கையில் வாளோடு நாலு பேர் ஊருக்குள் நுழைகிறார்கள். சத்திரக்காரன் சிரித்துக்கொண்டே அறை கொடுக்கிறான். மூலையில் குந்தியிருக்கும் கிழவன், கேட்காமலேயே புதையல் இருக்கும் குகைக்கு வழி சொல்கிறான். கடைக்காரன் இரத்தம் காயாத கவசத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறான். "யார் மகன், எந்த ஊர் என்று ஒருத்தனும் கேட்க மாட்டானா? பதுளையில் எங்கள் மாமாவின் கடைக்கு இப்படி நாலு பேர் போனால், அவர் முதலில் கதவைப் பாதி சாத்துவார்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அவன் சொன்னது சரி என்று விளங்கியது. அடுத்த வாரமே நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். வெளியார் வந்தால் ஓர் ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பார்த்துவிடுவோம் என்பதுதான் திட்டம்.

கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை நூற்றெண்பத்தொரு மைல். மூன்றாம் வகுப்புக்கு இருபத்திரண்டு ரூபாய் கொடுத்ததாக என் குறிப்பில் இருக்கிறது. போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். ஹப்புத்தளைக்குப் பிறகு மலை அப்படியே கீழே இறங்கிப்போவதை அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கலாம். பண்டாரவளையில் பத்து நிமிடம் நின்றது. கூடை கூடையாக மரக்கறி ஏறியது; என் காலடியில் ஒரு மூட்டை கோவா வந்து குந்திக்கொண்டது. எல்லயைத் தாண்டித் தெமோதரையில் ரயில் தன் பாதைக்குக் கீழேயே சுற்றிப் புகுந்து போவதை எட்டிப் பார்க்கப் போய்க் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பதுளையில் இறங்கும்போது மணி மாலை 4.10.

நியாஸின் மாமா சலீம் முதலாளிக்குச் சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை. தோளில் பெரிய கன்வஸ் பையும், நான்கு நாள் தாடியுமாக நான் படியேறியபோது, அவர் இடது கையால் மெல்லக் கதவின் ஒரு பலகையைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. நியாஸின் கடிதத்தை நீட்டிய பிறகும், யார் மகன், தகப்பனார் எங்கே வேலை, யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம், கலியாணம் முடிந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கதவைத் திறந்தார். அதன்பிறகு மனிதர் வேறு ஆள். இடியப்பமும் பருப்பும் மாட்டிறைச்சிக் கறியும் வந்துகொண்டேயிருந்தன. மேல்மாடியில் படுக்கப் பாய் போட்டுக் கொடுத்தார். சத்திரக்காரனைப் பற்றிய முதல் பாடத்தை அன்றே கொப்பியில் எழுதினேன்: கேள்விகள் முடியும்வரை சோறு இல்லை.

தோட்டங்களுக்குப் போக வேண்டும் என்றதும் முதலாளி கொஞ்சம் யோசித்தார். "தம்பி, லயத்துக்குப் போனா சும்மா போய் நிக்காதீங்க. மொதல்ல தலைவர்கிட்டப் போங்க. அவரு சரின்னாத்தான் மத்தவங்க வாயத் தொறப்பாங்க" என்றார். அவரிடம் தீபாவளித் துணி எடுக்கும் பெருமாள் என்பவருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரு பிரிவுக்குத் தொழிற்சங்கத் தலைவர் அவர். தோட்டத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் 1.15க்குப் பதுளையில் பஸ் ஏறினேன். எட்டு மைல், ஐம்பது நிமிடம், கட்டணம் ஒரு ரூபாய் இருபது சதம். நமுனுகுலை மலை ஒரு வளைவில் இடது பக்கம் இருக்கும். அடுத்த வளைவில் வலது பக்கம் வந்துவிடும். வயிற்றைப் பிரட்டும் வழி. மத்தியானச் சாப்பாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் தோள் இரண்டும் இறுகிய மனிதர். துண்டை வாசித்துவிட்டு, என்னை முதலில் தோட்ட அலுவலகமான கந்தோருக்குக் கூட்டிப்போய், வெளியாள் ஒருவர் இரண்டு நாள் தங்குகிறார் என்று சொல்லிவிட்டு வந்தார். தோட்டத்தில் அது ஒழுங்கு. பிறகு தன் காம்பிராவின் முன்பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். பன்னிரண்டு காம்பிராக்கள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு, லயம் என்பார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பிரா, ஒரு சின்ன வாசல், அடுத்த குடும்பத்துக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வாதம் கிடைக்கும்.

கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்ப இன்னும் நேரமிருந்தது. வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து, மஞ்சள்கோட்டைக் கொப்பியை விரித்துக்கொண்டு, சலீம் முதலாளியைப் பார்த்து என் சத்திரக்காரனைத் திருத்தத் தொடங்கினேன். அந்தக் கொப்பியின் அமைப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு பக்கத்தில் ஊரின் படம்: நீள வரிசையில், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். மறு பக்கத்தில் பட்டியல்: வீட்டு இலக்கம், பெயர், வயது, தொழில், பிள்ளைகள் எத்தனை, வெளியாரிடம் எப்படி. கதையில் வரும் ஊராட்களை ஞாபகம் வைக்க நான் போட்டது.

தலையை நிமிர்த்தியபோது முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இன்னும் சிலர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற பெண் படத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டு, இது தங்கள் நாலாம் காம்பிராதானே என்று கேட்டாள். பிறகு பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், பிள்ளைகள் மூன்று என்றாள், நான் எழுதக் காத்திருந்தாள்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை. இங்கே இருக்க விண்ணப்பம் போட்டவர்களும், இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்தவர்களும், பதில் வராமல் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் ஒரே லயத்தில் இருந்தார்கள். அந்த லயத்தில் மட்டும் ஏழு குடும்பங்கள் அதற்குள் கப்பலேறிவிட்டன. அங்கே ஒருவன் யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டு, பேனையும் கட்டம் போட்ட பட்டியலும் வைத்திருந்தால் வேறு யாராக இருக்க முடியும்? கந்தோர்களில் அவர்கள் பார்த்த உத்தியோகத்தர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் பேசினார்கள். எங்கள் ஆட்டத்தில் ஊர்மக்கள் வீரர்களைப் பார்த்தவுடன் வீரர்கள் என்று கண்டுகொள்வார்கள். இங்கே என்னைப் பார்த்தவுடன் கிளாக்கர் என்று கண்டுகொண்டார்கள்.

"நான் கவர்மெண்ட் ஆள் இல்லை அம்மா. இது விளையாட்டுக் கொப்பி" என்றேன். நாலாம் காம்பிராப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பெரிய மனிதன் விளையாட்டுக்கு யாராவது வீட்டு இலக்கம் எழுதுவானா? ஒளிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பெருமாள் வந்து அதட்டிய பிறகே வரிசை கலைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒளிய ஒரு குழி கிடைத்தால் போதும் என்றிருந்தது. அங்கே எல்லாம் மேடு.

ஒருத்தி மட்டும் போகவில்லை. லெச்சுமி என்று பெயர், முப்பது வயதிருக்கும், ஒன்பதாம் காம்பிரா. உள்ளே போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய கடிதம் ஒன்றை எடுத்தாள். குடியுரிமை விண்ணப்பம் கிடைத்ததற்கான துண்டு அது, பத்திரமாக வைத்துக்கொள் என்று யாரோ வாசித்துச் சொன்னார்களாம். நான் அதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றாள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் பந்தி விண்ணப்பம் கிடைத்ததைத்தான் சொன்னது. இரண்டாவது பந்தி, அவளும் கணவன் மாரிமுத்துவும் விசாரணைக்காகப் பதுளை மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு வர வேண்டும் என்றது. அவர்கள் நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே வாழ்ந்ததை நேரில் அறிந்த சாட்சிகளையும் அழைத்து வர வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது கடைசி வரி. நாள், வியாழக்கிழமை காலை 9 மணி. அன்று செவ்வாய் மாலை. வாசித்துச் சொன்னவர் முதல் பந்தியோடு நிறுத்தியிருக்கிறார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல லெச்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாரிமுத்துவின் இரண்டு அண்ணன்மாரும் போன வருடம் இந்தியா போய்விட்டார்கள். அங்கே வேலை தேடி ஊர் ஊராக அலைவதாகக் கடிதம் வந்திருந்தது. "எனக்கு அங்க ஒரு மனுஷரையும் தெரியாதுங்க. நான் பொறந்தது இந்தா, மேல் லயத்துல" என்று கையை நீட்டிக் காட்டினாள். ஏழு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். ஊர்மக்கள் வீரனிடம் ஒரு காரியத்தை ஒப்படைக்கிறார்கள் அல்லவா! நானே முடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். இருபத்து நான்கு வயது அப்படித்தான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டு. அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. பெருமாள் அங்கேயே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தோட்ட நிர்வாகியான துரையைப் போய்ப் பார்த்தார். துரை மறுக்கவில்லை. இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை செய்த வருடங்களைக் காட்டும் அத்தாட்சிக் கடிதம் ஒன்றைத் தரச் சொன்னார். கந்தோரில் வேலைநாள் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டினார்கள். மாரிமுத்துவின் பெயர் விடாமல் இருந்தது. லெச்சுமியின் பெயர் 1972இல் பத்து மாதம் இல்லை. தலைப்பிள்ளை வயிற்றில் வந்து, படுத்த படுக்கையாகிவிட்ட வருடம். வேலைக்குப் போகாதவள் பெயர் புத்தகத்தில் எப்படி வரும்? ஆனால் அந்த வருடம் அவள் இந்தியா போய் இருந்துவிட்டு வந்திருப்பாள் என்று விசாரிப்பவர் நினைத்தால், மொத்த விண்ணப்பமும் கவிழ்ந்துவிடும் என்று கிளாக்கர் எச்சரித்தார். பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. அதைப் பதிந்ததோ ஒன்றரை வருடம் கழித்து. அதுவும் உதவாது.

ஆக, 1972இல் லெச்சுமி இங்கே இருந்தாள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெருமாள் இந்தப் பிரிவுக்கு வந்ததே 1974இல். அந்தக் காலத்து அயலவர்கள் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியிருந்தது பத்தாம் காம்பிராவில் பாக்கியம் ஒருத்திதான். பிரச்சினை என்னவென்றால், லெச்சுமியும் பாக்கியமும் எட்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பெருமாள் சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார். பாக்கியத்தின் கோழி ஒன்று காணாமல் போயிற்று. ஒன்பதாம் காம்பிராவில்தான் குழம்பாயிற்று என்பது பாக்கியத்தின் கட்சி. சாமி மேல் சத்தியமாக இல்லை என்பது லெச்சுமியின் கட்சி. லயத்தில் பேசாமல் இருப்பது எளிதல்ல. ஒரே பீலியில் தண்ணீர், ஒரே மலையில் கொழுந்து, நடுவில் ஒரே சுவர். ஆனாலும் இருந்துவிட்டார்கள்.

லெச்சுமி கேட்கமாட்டேன் என்றாள். அதனால் நான் போனேன். எங்கள் ஆட்டத்தில் வீரன் நயமாகப் பேசினால் கட்டையை ஒரு தடவை உருட்டுவோம். நல்ல எண் விழுந்தால் பரம்பரைப் பகையும் தீர்ந்துவிடும். மாலை ஐந்து மணிக்குப் பாக்கியம் பீலியடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அயலவர் ஒற்றுமை, பெண்களின் துன்பம் என்று நான் எடுத்துவிட்ட பேச்சை முழுவதும் கேட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நாளைக்குப் பஸ் ஏறிருவீங்க. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு சந்தோஷமாப் போவீங்க. அவ மூஞ்சில தெனமும் முழிக்கிறது நானுங்க. எங்க சங்கதியில நீங்க தலையிடாதீங்க."

என் வாழ்நாளில் நான் உருட்டிய மிக மோசமான கட்டை அதுதான். முகம் சிவந்து திரும்பி வந்தேன். அவள் மேல் கோபமாகவும் இருந்தது; அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை என்பதால் அந்தக் கோபம் இன்னும் கூடியது. வழிப்போக்கன் தீர்த்துவைக்கும் சண்டைக்குப் பிறகு, தீர்ப்போடு வாழவேண்டியவர்கள் ஊரில் இருக்கிறவர்கள். அதை நான் மஞ்சள்கோட்டையில் ஒருநாளும் யோசித்ததில்லை.

வியாழக்கிழமை காலை 6.20 பஸ்ஸுக்கு நாங்கள் நாலு பேர் இறங்கினோம்: லெச்சுமி, மாரிமுத்து, பெருமாள், நான். பஸ் நிற்கும் இடத்தில் பாக்கியம் ஏற்கெனவே நின்றாள். மடிப்புக் கலையாத ஊதாச் சேலை, தலையில் எண்ணெய். அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வந்ததும் முன்வாசலால் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். லெச்சுமி கடைசி ஆசனத்துக்குப் போய்விட்டாள். பெருமாள் என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார். நானும் அந்தப் பாடத்தை அதற்குள் கற்றிருந்தேன்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்ன கச்சேரியில் 11.35க்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் ஒரு சிங்கள உத்தியோகத்தர், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். பக்கத்தில் வயதான ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். மாரிமுத்துவிடம் கேட்டார், பெருமாளிடம் கேட்டார், அத்தாட்சிக் கடிதத்தைப் பார்த்தார். விரல் நேராக 1972இல் போய் நின்றது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து, பஸ்ஸிலிருந்தே ஒத்திகை பார்த்தவன் போல, நல்ல ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, இந்தப் பெண்ணை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். வெளியே இருந்த வாங்குப் பலகையில் உட்காரும்படி மரியாதையாகச் சொன்னார். அரைக் கதவு என்பதால் உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. லெச்சுமியையும் வெளியே அனுப்பி, எதிரே மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். பிறகு பாக்கியத்தைக் கேட்டார்கள்.

"இவ எங்கயும் போகலீங்க. ஒரு மாசமாவது போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று ஆரம்பித்தாள். அந்த வருடம் லெச்சுமி வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தது, சுவருக்கு அப்பால் இரவெல்லாம் முனகியது, மழையில் மருத்துவச்சி வரப் பிந்தியதால் பிள்ளையைத் தன் கையில் ஏந்தியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பிள்ளையை முதலில் தொட்டவள் இவளா? அதற்குப் பிறகு மூன்றாம் நாள்தான் கோழி காணாமல் போனது என்றாள். சிவப்புப் பெட்டை, வலது காலில் அடையாளத்துக்கு நீலத் துணி கட்டியிருந்தாள்.

உத்தியோகத்தர் கோழியையும் குறித்துக்கொண்டார். பிறகு பாக்கியத்தை ஓரமாக நிறுத்திவிட்டு லெச்சுமியைக் கூப்பிட்டார். அவளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: தலைப்பிள்ளை பிறந்த வாரம் உங்கள் வீட்டில் கோழி சமைத்தீர்களா?

வாங்கில் இருந்த நான் அரைக் கதவுப் பக்கம் சாய்ந்தேன். இல்லை என்றால் இரண்டு வாக்குமூலமும் முட்டும். அந்த வருடம் வெறுமையாகவே போய்விடும். ஆம் என்றால் எட்டு வருடமாகச் சத்தியம் செய்து காப்பாற்றிய பெயர் போய்விடும், அதுவும் பாக்கியத்தின் முன்னால். மாரிமுத்து தரையையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பெருமாள் பிறகு சொன்னார்.

"சமைச்சோமுங்க" என்றாள் லெச்சுமி. குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாகக் கேட்டது. "பாக்கியம் அக்கா கோழிங்க. செவப்புப் பெட்டை, கால்ல நீலத் துணி. அவரு புடிச்சுக்கிட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். உத்தியோகத்தர் நீண்ட நேரம் எழுதினார். எழுதி முடித்து, அவர்களின் கைநாட்டையும் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, தன் பக்கத்தில் இனி ஒரு தடையும் இல்லை, முடிவு தபாலில் வரும் என்றார்.

வெளியே வராந்தாவில் இரண்டு பெண்களும் ஓரடி இடைவெளியில் நின்றார்கள். ஆண்கள் மூவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கச்சேரி மணிக்கூட்டைப் பார்த்தோம். பாக்கியம்தான் முதலில் பேசினாள்.

"எட்டு வருஷமா இல்லேன்னு சாதிச்சியேடி."

"மானம் போயிருமுன்னு பயந்துட்டேன்க்கா."

"கேட்டிருந்தா நானே அறுத்துக் குடுத்திருப்பேனே. பிள்ள பெத்தவளுக்கு வேற யாரு குடுப்பா?"

லெச்சுமி அழுதாள். பாக்கியம் அவளை அணைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, இந்த ஊரில் எங்கே தேத்தண்ணி நல்லா இருக்கும் என்று பெருமாளிடம் கேட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் பிளேன்டீ குடித்து, பணிஸ் சாப்பிட்டோம். பாக்கியம் நேற்றுத் திட்டியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் கேட்காததில் எனக்கு ஒரு திருப்தி. ஏன் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். இவள் போய்விட்டால் அந்தக் காம்பிராவுக்கு எவள் வந்து சேர்வாளோ என்றாள். பிறகு, அந்தப் பிள்ளை தன் கையில் விழுந்த பிள்ளை அல்லவா என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள்.

அக்டோபரில் சலீம் முதலாளி மூலமாகப் பெருமாளின் கடிதம் வந்தது. லெச்சுமிக்கும் மாரிமுத்துவுக்கும் குடியுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டது. அந்தப் பிரிவில் காத்திருந்த இன்னும் மூன்று குடும்பங்களுக்கும் விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது, இந்தத் தடவை இரண்டு பேரிடம் கொடுத்து வாசித்தோம் என்று எழுதியிருந்தார். அன்று மாலை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே போனேன். நாலு மைல். கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

அதன்பிறகு எங்கள் ஆட்டத்தில் ஊர்மக்கள் மாறிவிட்டார்கள். வீரர்கள் ஊருக்குள் வந்தால் முதலில் அவர்களின் குலம் கோத்திரம் விசாரிக்கப்படும். யாரும் முதல் நாளே புதையல் கதை சொல்வதில்லை. ஊருக்குள் சண்டைகள் இருக்கும். வீரர்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியவை, அவர்கள் போன பிறகும் இருப்பவை. எங்கள் மந்திரவாதிக்கு இது பிடிக்கவில்லை, விளையாட்டு மெதுவாகிவிட்டது என்று புலம்பினான். எனக்கோ அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் புகை போகும் அடுப்பு இருப்பது போலத் தோன்றியது. ஓர் ஊர் தன்னிடம் வருகிறவனைச் சந்தேகிப்பதும், பிறகு வயிறு நிறையச் சோறு போடுவதும், அவன் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் வழியில் நடப்பதும் ஒரே மனதிலிருந்துதான் வருகின்றன.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மேலே சொன்ன நேரங்களும் கட்டணங்களும் 1980க்குரியவை. நிலையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு, ஆனால் காலையில் கம்பளிச்சட்டை இல்லாமல் வெளியே தலை காட்ட முடியாது. கடைகளில் கேள்வி கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். லயத்துக்குப் போவதானால் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் உட்கார்ந்து கட்டம் போட்ட கொப்பியில் எதுவும் எழுதாதீர்கள். யாராவது ஒரு கடிதத்தை நீட்டினால், எத்தனை அவசரமாக இருந்தாலும் நின்று, கடைசி வரி வரைக்கும் வாசித்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வழிப்போக்கனால் ஆகும், அது சின்னக் காரியமும் அல்ல. சாட்சி சொல்ல மட்டும் எழுந்து நிற்காதீர்கள். அதற்குச் சுவருக்கு அடுத்த பக்கத்தில் எட்டு வருடம் கோபமாக வாழ்ந்திருக்க வேண்டும்.